கலர் அண்ணாச்சி

எங்கள் தெருவில் அவரைக் கலர் அண்ணாச்சி என்றுதான் சொல்வார்கள். வெளியூர்க்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, கோலி சோடாவும் கலரும் விற்கிற கடை என்று எண்ணித் தாகத்தோடு வந்து நிற்பது உண்டு. அவர் வைத்திருந்தது இங்கிலீஷ் மருந்துக்கடை. வயிற்றுக்கு மருந்து கேட்டு யார் வந்தாலும், பொட்டலத்தில் கை வைப்பதற்கு முன்னால் அவர் கேட்கிற கேள்வி ஒன்று இருந்தது.

"வெளிக்கு என்ன கலர்ல போகுது?"

மெதுவாகவும் கேட்கமாட்டார். கடையில் நாலு பேர் நிற்பார்கள், பெஞ்சில் யாராவது பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள். அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. நான் சாத்தான்குளம் பக்கமிருந்து வந்து, தூத்துக்குடியில் ஓர் உப்பு வியாபாரியின் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். அண்ணாச்சியின் கடைக்கு மேலே ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். சாப்பாடு கிளப்புக்கடையில். அரிசிக்குத் தட்டுப்பாடு, கிடைத்ததை வேகவைத்து, அதன் வாடை தெரியாமலிருக்க மிளகாயை அள்ளிப் போடுவார்கள். பசியை அமர்த்தக் காப்பி. கொஞ்ச நாளில் எனக்கு நெஞ்சுக்குழியில் எரிச்சல் தொடங்கியது. படுத்தால் தொண்டை வரை புளித்தண்ணீர் ஏறி வரும்.

ஒருநாள் ஆபீசுக்குப் போகிற வழியில் கடையில் ஏறி, "அண்ணாச்சி, சோடாப் பொடி ஒரு பொட்டலம்" என்றேன்.

"வெளிக்கு என்ன கலர்ல போகுது தம்பி?"

பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட டீச்சரம்மா பஞ்சு வாங்கிக்கொண்டு நின்றார். எனக்குக் காது சுட்டது. "எப்பவும் போலத்தான்" என்று முணுமுணுத்தேன்.

"பாத்தியளா?"

"பாத்தேன்."

"பாக்கலை. முகத்தைப் பாத்தாலே தெரியுது. இன்னைக்கு ஒரு வேளைக்குத் தாரேன். நாளைக்குப் பாத்துட்டு வந்து சொல்லிட்டு மிச்சம் வாங்கிக்கிடுங்க."

மறுநாள் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். அன்றைக்குத்தான் அவர் எனக்கு அந்த வேடிக்கையைக் காட்டினார். ஒரு கண்ணாடிக் குவளையில் எலுமிச்சம்பழம் பிழிந்து, அதில் ஒரு சிட்டிகை சோடாப் பொடியைத் தூவினார். புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கி அடங்கியது. "குடிச்சுப் பாருங்க" என்றார். புளிப்பு பாதிக்கு மேல் போயிருந்தது.

"உங்க வயித்துலயும் இதேதான் நடக்குது. வயித்துல ஒரு புளிப்புத் தண்ணி ஊறும். சோறு செரிக்க அது வேணும். கூடுதலாப் போனா எரியும், மேல ஏறினாலும் எரியும். சோடா அந்தப் புளிப்பை முறிச்சுப்போடும். அந்த நுரைதான் ஏப்பமா வருது. ஏப்பம் வந்ததும் உங்களுக்குச் சொகமா இருக்கும்."

"அப்ப நல்லதுதானே?"

"சொகமா இருக்கும்னுதான் சொன்னேன். நல்லதுன்னு சொல்லலையே. இருக்குத புளிப்பைத்தான் அது முறிக்கும், ஊறுத ஊத்து அப்படியே இருக்கு. கொஞ்ச நேரத்துல மறுபடி ஊறும். சில பேருக்கு முன்னைவிடக் கூட ஊறும். உள்ள புண்ணு இருந்தா அது பாட்டுக்கு இருக்கும். எரிச்சல் தெரியாததால நீங்க புண்ணை மறந்துருவிய."

எனக்குச் சொன்ன யோசனை மிளகாயையும் காப்பியையும் குறைக்க வேண்டும், ராத்திரி சாப்பிட்டதும் படுக்கக் கூடாது, எரிகிறபோது மட்டும், சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும் என்பது. "ரெண்டு வாரத்துக்கு மேல நீங்க பொடி கேட்டு வந்தா தரமாட்டேன், பெரியாஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவேன்" என்றார். ஒரு வியாபாரி இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் எனக்குச் சரியாகிவிட்டது. மாலையில் ஆபீஸ் விட்டதும் அவர் கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பது வழக்கமாகிவிட்டது.

அங்கே உட்கார்ந்துதான் அந்தக் கேள்வி படுகிற பாட்டையெல்லாம் பார்த்தேன். சங்கு குளிக்கிறவர்கள் வருவார்கள். வெறும் வயிற்றோடு கடலில் இறங்கி, கரையேறியதும் கண்டதைத் தின்று, வயிறு எரிந்துகொண்டு வருகிறவர்கள். கேள்வியைக் கேட்டதும் ஒருவன், "கடலுக்குள்ள போறோம் அண்ணாச்சி, கலர் எங்கன தெரியும்?" என்றான். கடை முழுக்கச் சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. "ஏலே, குளிக்க இறங்குததுக்கு முன்னால இந்தப் பொடியைக் குடிச்சிராத. வயிறு காத்தடைச்சுப் போகும். கரைக்கு வந்து, கஞ்சி குடிச்ச பிறகு குடி" என்று சொல்லிவிட்டு, "நாளைக்குக் கரையில போயிப் பாத்துட்டு வந்து சொல்லு" என்று முடித்தார். கால் வீங்கியிருந்த ஒரு பெரியவருக்குச் சோடாவே கொடுக்க மறுத்தார். அதுவும் ஒரு வகை உப்புத்தான், வீக்கத்தைக் கூட்டிவிடும் என்றார். புளிப்பை முறிக்கிற இன்னொரு மருந்தான மக்னீசியா கப்பலில் வர வேண்டும். யுத்தத்தில் அது எப்போதாவதுதான் வரும். வந்தால் மலச்சிக்கல் உள்ளவர்களுக்கென்று தனியே எடுத்து வைப்பார். அது வயிற்றை இளக்கும்.

அந்தக் கேள்வி எப்போதும் சரியான இடத்தில் போய் விழுந்தது என்று சொல்ல முடியாது. எதிர்வரிசையில் இருந்த ஒரு கப்பல் சரக்குத் தரகர், பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்திருந்த மகளுக்கு வயிற்றெரிச்சல் என்று வந்தார். அண்ணாச்சி கேட்டார். தரகர் வீட்டுக்குப் போய் விசாரித்துவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "கறுப்புத்தானாம்."

அண்ணாச்சி கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் குதிரை வண்டி பிடித்து, அந்தப் பெண்ணையும் கைப்பிள்ளையையும் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தெருவே வாசலில் வந்து நின்றது. டாக்டர் நிதானமாக, "என்ன டானிக் குடிக்கிற?" என்று கேட்டாராம். பிரசவத்துக்குப் பிறகு குடிக்கிற இரும்பு டானிக். அதைக் குடித்தால் கறுப்பாகத்தான் போகும். பாட்டில் வாங்கியது அண்ணாச்சியின் கடையிலேதான்.

தரகர் தெருவில் நின்று சத்தம் போட்டார். கலர் அண்ணாச்சி என்ற பெயர் அன்றைக்குத்தான் கெட்டியாக ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் நான், "உங்களுக்கு வருத்தமா இருக்கா?" என்று கேட்டேன்.

"டானிக்குனால வந்த கறுப்பு தம்பி. எவ்வளவு சந்தோசம்" என்றார். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தார். எனக்கு அது விளங்கவில்லை.

கடையின் பின்பக்கம் அவர் வீடு. மனைவி, சின்னஞ்சிறு பிள்ளைகள். அவர்களோடு அவருடைய இறந்துபோன அண்ணனின் மனைவியும் இருந்தார். அண்ணாச்சி அவரை மதினி என்று கூப்பிடுவார். அதனால் எனக்கும் மதினிதான். அண்ணன் துறைமுகத்தில் தோணிக்கு மூட்டை ஏற்றி இறக்குகிற இடத்தில் மேஸ்திரியாக இருந்தவர். கொழும்புக்குப் போகிற தோணியில் சரக்கேற்றிக்கொண்டிருந்தபோதே ரத்தமாக வாந்தி எடுத்து விழுந்து, ஆஸ்பத்திரியில் இறந்துபோனார் என்று தெருவில் சொல்லியிருக்கிறார்கள்.

மதினி நாலு மணிக்குக் கடைக்குக் காப்பி கொண்டுவருவார். பெஞ்சில் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், பேச்சு எப்படியோ அவர் கணவரிடம் வந்து சேரும். "அவகளுக்குக் கடைசியில வயிறு எப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். எங்க கொழுந்தனாரு ஒரு நாள் தவறாம மருந்து மடிச்சுக் கொடுத்தாக. அந்த மருந்து இருக்கப்போயித்தான் அவக அத்தனை மாசமாவது நிம்மதியாச் சாப்பிட்டாக, தூங்கினாக. கூடப் பிறந்தவங்க இப்படி இருக்கணும்."

அப்போதெல்லாம் அண்ணாச்சி அங்கே இருக்கமாட்டார். மதினி அந்தப் பேச்சை ஆரம்பித்ததும் அலமாரிக்குப் பின்னால் போய்விடுவார். அங்கே பாட்டில்களைத் தூக்கி வைக்கிற சத்தம் கேட்கும். மதினி உள்ளே போன பிறகு வந்து உட்காருவார். காப்பி ஆறிப் போயிருக்கும். அதைக் குடிக்காமல் சாக்கடையில் ஊற்றிவிட்டு டம்ளரைக் கழுவி வைப்பார். கூச்ச சுபாவம், புகழ்ச்சி பிடிக்காது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

யுத்தம் முடிந்துவிட்டிருந்த சமயம். மரியம்மா என்று ஒரு மீன்காரி எங்கள் தெருவழியாகக் கூடை சுமந்து போவாள். கடற்கரைப் பக்கத்துக்காரி, கணவன் கட்டுமரக்காரன். நல்ல கட்டுமஸ்தான உடம்பு, கனத்த குரல். தெருக்கோடியில் அவள் கூவினால் இந்தக் கோடியில் அடுப்பு மூட்டுவார்கள். அவள் ஒருநாள் கடையில் கூடையை இறக்கிவிட்டுச் சோடாப் பொடி கேட்டாள். அண்ணாச்சி கேள்வியைக் கேட்டார்.

மரியம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "பொம்பளைகிட்ட கேக்குத கேள்வியா இது? மருந்து இருந்தாக் குடும், இல்லைன்னா இல்லைன்னு சொல்லும்."

"சொன்னாத்தான் தர முடியும்."

"மாதாவே, இவருகிட்ட எவ பேசுவா" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பிறகு அவள் அடுத்த தெருப் பலசரக்குக் கடையில் ஆப்பச் சோடா வாங்கிக் கரைத்துக் குடிக்கிறாள் என்று தெரியவந்தது. அண்ணாச்சியிடம் தலைவலி மாத்திரை மட்டும் வாங்குவாள். வெயிலில் கூடை சுமக்கிறவளுக்குத் தலைவலிக்குக் கேட்பானேன். அதற்கு அவரும் கேள்வி எதுவும் கேட்டதில்லை.

பெண்களிடம் அவர் கேள்வி செல்லவில்லை என்பதை நான் கவனித்திருந்தேன். சிலர் பொய் சொல்வார்கள், சிலர் திரும்பிப் போவார்கள். அவருக்கும் அது தெரியும். அவர்கள் போன பிறகு வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஒருநாள் மாலையில் மரியம்மா மாத்திரைக்கு வந்தாள். நாலு மாதத்துக்கு முன்னால் கோபித்துக்கொண்டு போனவளா இவள் என்று இருந்தது. படியேறியதற்கே மூச்சு வாங்கியது. கூடையை இறக்கியவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாத்திரைக்காக நீட்டிய உள்ளங்கை சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. அண்ணாச்சி அந்தக் கையையே பார்த்தார்.

"மரியம்மா, கோவப்படாத. கறுப்பாப் போகுதா?"

அவள் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவர் மாத்திரையைக் கொடுக்கவில்லை. விறுவிறுவென்று உள்ளே போனார். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு துணித் திரைதான். பெஞ்சில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"மதினி, வாசல்ல மரியம்மா இருக்கா. அவகிட்ட நீங்க ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லணும். வெளிக்குத் தார் மாதிரி கறுப்பாப் போகுதான்னு."

"அதை நான் போயி எப்படிக் கேக்க? ஊரே உங்களைப் பாத்துச் சிரிக்கு. உங்களுக்கு ஏன் இந்தப் பாடு?"

பிறகு அவர் குரல் வந்தது. அது கடையில் கேட்கிற குரலாக இல்லை.

"அண்ணன் எங்கிட்டச் சொன்னான் மதினி. தார் மாதிரி போகுதுலேன்னு சொன்னான். கருப்பட்டிக் காப்பி கூடக் குடிச்சிருப்பே, அதாம்னு சொன்னேன். சொல்லிட்டு மருந்தை மடிச்சுக் கையில கொடுத்தேன். அவன் செத்த பிறகுதான் டாக்டர் சொன்னாரு, உள்ள புண்ணுல ரத்தம் கசிஞ்சிருக்கு, வயித்துப் புளிப்புல பட்டா ரத்தம் கறுத்துப் போயிரும்னு. எரிச்சல் இருந்திருந்தா அவனே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பான். எரிச்சல் தெரியாமப் பாத்துக்கிட்டது நான்."

நான் பேப்பரைக் கையில் பிடித்தபடி, எழுந்து போய்விடலாமா என்று யோசித்தேன். எழுந்தால் சத்தம் கேட்குமே என்று உட்கார்ந்திருந்தேன்.

திரை விலகியது. மதினி வந்தார். என்னைப் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. நேரே போய்ப் படியில் மரியம்மாவுக்குப் பக்கத்தில், மீன் கூடையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். இருவர் தலையும் ஒட்டினாற்போல் இருந்தன. என்ன பேசினார்கள் என்பது காதில் விழவில்லை. மரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னாள். மதினி, "எப்பயிருந்து?" என்றது மட்டும் கேட்டது. பிறகு மதினி திரும்பி, ஆமென்று தலையை ஆட்டினார்.

அண்ணாச்சி அதற்குள் தெருவில் இறங்கி வண்டிக்குக் கை தட்டிக்கொண்டிருந்தார். மரியம்மா, "எனக்கு ஒண்ணுமில்லை, மீனு கெட்டுப்போகும்" என்று சொன்னாள். மதினி, "கெட்டாக் கெடட்டும், ஏறுளா" என்று அவள் தோளைப் பிடித்து வண்டியில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார். புருஷன் போன பிறகு அவர் கோயிலுக்குக்கூட வண்டி ஏறியதில்லை.

ஆஸ்பத்திரியில் அவளைப் படுக்கப் போட்டார்கள். வயிற்றில் புண், ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் ஒன்றும் செய்ய முடிந்திருக்காது என்று டாக்டர் சொன்னாராம். அசையாத படுக்கை, பால், மணிக்கு மணி வெள்ளைப் பொடி மருந்து. "அதே பொடிதான் தம்பி" என்றார் அண்ணாச்சி என்னிடம். "அங்க நோய் என்னன்னு பாத்துட்டுக் கொடுக்காங்க. அவ்வளவுதான் வித்தியாசம்." பிறகு குரல் தாழ்ந்தது. "தலைவலி மாத்திரையை வெறும் வயித்துல போட்டுக்கிட்டே இருந்திருக்கா. அது புண்ணை இன்னும் கிளறிவிடுமாம். டாக்டர் கேட்டாரு, மாத்திரை எந்தக் கடையில வாங்கினேன்னு."

மறுநாளிலிருந்து தலைவலி மாத்திரைக்கு வருகிறவர்களிடமும் அவர் வயிற்றைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்.

மதினி தினமும் பால் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். கடைக்குக் காப்பி வந்தது. அவருடைய பழைய பேச்சு வரவில்லை. அண்ணாச்சியோடு அவர் பேசுவதையே நான் பார்க்கவில்லை. குற்றம் சொல்லித் திட்டியிருந்தால்கூட அண்ணாச்சிக்குத் தேவலையாக இருந்திருக்கும். கடைக்கு யாராவது வந்தால் எழுந்து மருந்து கொடுப்பார். போனதும் பழையபடி கல்லாவுக்குப் பின்னால் சுருண்டு உட்கார்ந்துகொள்வார்.

மரியம்மா பிழைத்துவிட்டாள் என்று டாக்டர் நிச்சயமாகச் சொன்ன அன்று, மதினி ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கடைக்குள் ஏறினார். காலிப் பால் செம்பை மேஜைமேல் வைத்தார். நான் இருப்பதை அவர் பொருட்படுத்தவில்லை. ஒருவேளை யாராவது ஒருவர் கேட்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

"கொழுந்தனாரே, அவக வேட்டியைத் துவைச்சது யாரு?"

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார்.

"நான்தானே. கறுப்புக் கறையைப் பாத்தேன். ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை. என்னமோ மாதிரி இருக்கேன்னு மனசு அடிச்சுக்கிட்டுது. அவககிட்ட கேட்டேன், ஒண்ணுமில்லைன்னாக. உங்ககிட்டச் சொல்லணும்னு திரைகிட்ட வந்து வந்து நின்னிருக்கேன். கொழுந்தன்கிட்டச் சொல்லக்கூடிய பேச்சா அதுன்னு வெக்கப்பட்டுக்கிட்டு உள்ள போயிருவேன். சவக்காரத்தைப் போட்டுத் தேச்சுத் தேச்சுக் கறையைப் போக்கிட்டேன்."

"மதினி..."

"உங்க மருந்துனாலதான் நல்லா இருந்தாக, நல்லா இருந்தாகன்னு நான் ஊரெல்லாம் சொன்னேனே. உங்களுக்காகச் சொன்னேன்னா நினைச்சிய? அப்படிச் சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை வரும்னு சொன்னேன்."

செம்பை எடுத்துக்கொண்டு திரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். அண்ணாச்சி கைகளை மேஜைமேல் விரித்து வைத்தபடி உட்கார்ந்திருந்தார். வெளியே துறைமுகத்துக்குப் போகிற மாட்டுவண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

அவருடைய சுமை பாதி குறைந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. இளவயதில் அப்படித்தான் தோன்றும். ஆறுதலாக இருக்கட்டும் என்று அதை அவரிடம் சொன்னேன். "நீங்க மட்டும் காரணமில்லை அண்ணாச்சி. அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு."

அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

அந்த வாரமே மதினி கடைக்குள் வந்து உட்கார ஆரம்பித்தார். பெண்கள் யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால், அண்ணாச்சி எழுந்து தெருவில் போய் நின்றுகொள்வார். மதினி அவர்களை அலமாரிக்குப் பின்னால் அழைத்துப்போய்க் கேட்பார். என்ன வார்த்தையில் கேட்டாரோ, யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. இரண்டொருவர் அவர் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போனதாகவும் ஞாபகம். ஊருக்குள் சிலர் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அவர் நிறுத்தவில்லை.

எனக்கு வேலை மாறி, தூத்துக்குடியை விட்டுக் கிளம்ப வேண்டிவந்தது. சொல்லிக்கொள்ளப் போனேன். அண்ணாச்சி தெருவில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே மதினி ஒரு இளம்பெண்ணிடம் பேசிக்கொண்டிருக்கிற சத்தம் லேசாகக் கேட்டது. அவர் அந்தப் பக்கம் பார்த்தபடியே பேசினார்.

"நீங்க அன்னைக்கு ஆறுதலுக்குச் சொன்னிய தம்பி. அதுல எனக்கு ஆறுதல் இல்லை. ஒரே வீட்டுல, ஒரே சோத்தைத் தின்னுக்கிட்டு, அவக ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அண்ணன் போன அன்னைக்கே நான் வாயைத் திறந்திருந்தா, அவகளும் சொல்லியிருப்பாக. இத்தனை வருசம் தனியால்லா தூக்கிச் சுமந்திருக்காக."

உள்ளேயிருந்து மதினி கூப்பிட்டார். அவர் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, மருந்து மடிக்கப் போனார்.